வலிக்காது அக்காவும் நிற்காத மழையும்

என் நாத்தனாருக்கு வெளியில் வழங்கும் பெயர் வலிக்காது அக்கா. பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்துகொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி வருகிற ஒவ்வொருவரிடமும் "வலிக்காது, உக்காருங்க" என்று சொல்வது அவள் வேலை. பல்லைப் பறிகொடுத்துவிட்டு வெளியே வந்த ஒரு பொடிப் பெண் அவளை நோக்கி விரலை நீட்டி, "வலிக்காது அக்கா பொய் சொல்றாங்க" என்று கூடம் அதிர அழுததாம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது கடைத்தெருவில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறாள்.

அவள் என் கணவரின் தங்கை, நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் இங்கே பேசப் போவதில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று ஊரே எழுதிவைத்த மாதிரி நம்புகிறது. எங்களுக்குள்ளும் சண்டை உண்டுதான். ஆனால் நடுவில் மூன்றாவது ஆள் மூக்கை நுழைத்தால் இருவரும் சேர்ந்து அவர் மேல் பாய்வோம். என் கணவர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சத்தம் போடுவதும் முகத்தைப் படிப்பதும் என் தொழில். எந்த முகத்தில் கணக்கு ஏறியிருக்கிறது, எந்த முகம் மரியாதைக்குத் தலையாட்டுகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். என் கணவர் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். ஓடுகிற எஞ்சினுக்கு மேலே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் வலிக்காது அக்கா ஒலியைப் படிக்கக் கிளம்பினாள்.

எல்லாம் ஒரு கதவில் ஆரம்பித்தது. டாக்டரம்மாவின் அறைக்கும், ஆட்கள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த பழைய கதவு உப்பிப்போய்ச் சாத்த வராமல் நின்றது. அதைக் கழற்றிவிட்டுக் கனமான புதுக் கதவு மாட்டினார்கள். அதற்கப்புறம், முறை வருவதற்குள் நைசாக எழுந்து ஓடிவிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். டாக்டரம்மா கதவின் வார்னிஷைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். இவள் மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதே டாக்டர், அதே மிஷின், அதே பல். குறைந்தது சத்தம் ஒன்றுதான். அப்படியானால் இத்தனை நாள் ஜனங்கள் பயந்தது வலிக்கு இல்லை, கதவிடுக்கு வழியாக வந்த சத்தத்துக்கு. இதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் சொன்னாள். என் கணவர் தட்டைப் பார்த்தபடி "ம்" என்றார். நான் அதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அவளே ஒரு படிப்பைத் தேடிப் பிடித்துவிட்டாள். படங்களுக்கு ஒலி அமைக்கிற படிப்பு. ஆசிரியர் எங்கோ ஒரு நகரத்தில், தன் ஸ்டுடியோவில் இருந்துகொண்டு இணையத்தில் நேரடியாகப் பாடம் எடுப்பார். முப்பது பேருக்கு மேல் அவரவர் வீட்டிலிருந்தே திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். படத்தில் கேட்கிற காலடி, மழை, கதவு, தூரத்து ரயில் எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தனியாகச் செய்து சேர்ப்பது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காமிராவை வைத்தால் சத்தமும் கூடவே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். படிப்பு முடியும்போது எல்லோரும் ஒரே காட்சிக்கு ஒலி அமைத்துக் கொடுக்க வேண்டும். அதில் தேறுகிற நான்கு பேரை ஆசிரியரே தன் ஸ்டுடியோவில் உதவியாளராக எடுத்துக்கொள்வார். அந்த நான்கில் ஒன்று தனக்கு என்று, சேர்ந்த அன்றே இவள் முடிவு கட்டிவிட்டாள்.

என் கணவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் சத்தம் எப்படி வருகிறது என்று படிக்க வேண்டுமா, இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்தாலே போதாதா என்றார். நல்ல வேலையை விட்டுவிட்டுத் தெரியாத ஊருக்குப் போய்ச் சின்னப் பசங்களுக்கு நடுவில் உட்காரப் போகிறாளா என்றும் கேட்டார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"இத்தன வருஷமா ஒரு கதவுக்கு வெளியில உக்காந்துக்கிட்டு உள்ள போறவங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டிருக்கேன் அண்ணி. ஒரு தடவையாவது நான் உள்ள போகணும்."

நான் அவள் கையிலிருந்த தட்டை வாங்கித் துடைத்தேன்.

வகுப்பு சாயங்காலத்தில். எங்கள் மகள் வெளியூரில் படிக்கப் போனதிலிருந்து காலியாகக் கிடந்த அறையை இவள் பிடித்துக்கொண்டாள். மகளின் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் உடைகளுக்கு நடுவில் மைக்கை வைத்துப் பதிவு செய்வாள். துணி இருந்தால் எதிரொலி வராதாம். அந்த நேரத்தில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, மிக்சி ஓடக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, தும்மல் வந்தால் பால்கனிக்கு ஓட வேண்டும். ஒரு நாள் என் கணவர் குளியலறையில் தெரியாத்தனமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு கூப்பாடு வந்தது. பாலைவனக் காட்சி ஒன்றுக்குக் காற்றைப் பதிவு செய்துகொண்டிருந்தாளாம். பாலைவனத்தில் வெள்ளம் வந்துவிட்டது.

அதிலிருந்து அவர் சொந்த வீட்டிலேயே திருடன் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தார். சாவியை மறந்துவிட்டுப் போவது அவருக்குப் பழக்கம். முன்பெல்லாம் கதவைப் படபடவென்று அடித்து எதிர்வீட்டுக்காரரையும் சேர்த்து வெளியே வரவழைப்பார். இப்போது லேசாகத் தட்டிவிட்டு, நாங்களாக வந்து திறக்கும்வரை வாசலிலேயே நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருந்தது.

வகுப்பில் அவளைப் போல ஒரு மாணவி எனக்கு இத்தனை வருஷத்தில் வாய்த்ததில்லை. காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. நான் கட்டிலில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஆசிரியர் அவளைவிட வயதில் சின்னவர், அவளை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத ஒருவன் தொப்பி. முதுகுக்குப் பின்னால் எப்போதும் துணி காயப்போட்டிருக்கும் ஒரு பெண் துணிக்கொடி. ஆசிரியர் ஒரு காட்சியைப் போட்டு, அது ஓடும்போதே, இங்கே மழையைக் கவனியுங்கள், இங்கே காற்றைக் கவனியுங்கள் என்று விளக்குவார். இவள் கண்ணை மூடிக்கொண்டு, அவர் செய்தது ஒவ்வொன்றையும் அப்படியே காதில் ஏற்றிக்கொள்வாள். மறுநாள் அதே மாதிரி செய்து பார்ப்பாள். வராவிட்டால் வரும்வரை விடமாட்டாள்.

அந்தக் கவனம்தான் அவளைக் கவிழ்த்தது.

கடைசிக் காட்சிக்கு முன்னால் ஒரு பயிற்சி வைத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கிய இருவர் பேசுகிறார்கள், அதற்கு ஒலி அமைக்க வேண்டும். எல்லோர் வேலையையும் முன்கூட்டியே கேட்டுவிட்டு ஆசிரியர் வகுப்பில் குறை நிறை சொன்னார். இவள் முறை வந்தது. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"மேடம், உங்க மழை ஏன் யாராவது வாயைத் திறந்தா நின்னுடுது?"

இவள் முகம் மலர்ந்தது. தான் உழைத்த இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள்.

"பேசறவங்களுக்கு வழி விடுது சார். பேச்சு முடிஞ்சதும் ஒரு கணம் பொறுத்துத் திரும்ப வரும். நீங்க செய்யற மாதிரியேதான்."

"நான் எப்ப அப்படிச் செஞ்சேன்?"

"எல்லா வகுப்புலயும் சார்."

தொப்பி முதலில் சிரித்தான். அவன் ஆரம்பித்து வைக்க, கட்டத்துக்குக் கட்டம் சிரிப்பு தாவியது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விளக்கிய பிறகுதான் எனக்கும் புரிந்தது. இணையத்தில் கூடிப் பேசுவதற்கான அந்தச் செயலியைப் பேச்சுக்காகவே செய்திருக்கிறார்கள். யாராவது பேசினால், பின்னால் கேட்கிற மழையோ காற்றோ எதுவானாலும் அதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். பேச்சு நின்றதும் விட்டுவிடும். ஆசிரியர் காட்சியைப் போட்டுக்கொண்டே பேசினார், அதனால் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மழை நின்றது. அதற்காகத்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு ஒலியின் அசல் கோப்பை எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள் அதை இறக்கிக் கேட்டார்கள். தொப்பி பாதி வகுப்புக்கு வந்ததே இல்லை, அவன் மழை ஒழுங்காகப் பெய்தது. இவள் ஒரு வகுப்பையும் விடாதவள். காதாரக் கேட்டதை எதற்கு இன்னொரு தடவை கேட்பது என்று ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. செயலி செய்த கோளாறைக் கலை என்று நினைத்து, சொல்லுக்குச் சொல் மழையைக் கையால் இறக்கி, கையால் ஏற்றியிருக்கிறாள். மாதக்கணக்கில் பாடுபட்டது எல்லாம் முதலுக்கே மோசம்.

ஆசிரியர் நல்ல மனுஷன். இதை ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்லாதது தன் தப்பு என்றார். அடுத்த முறை வகுப்பு தொடங்கும்போது முதலிலிருந்து வந்து உட்காரும்படியும் சொன்னார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அடுத்த முறை ஸ்டுடியோவில் இடம் இருக்குமா என்று அவருக்கே தெரியாது. இவளுக்கு அது தெரியும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரைக்குள் கையை விட்டு அந்தத் தொப்பியைப் பிடுங்கி வீச வேண்டும் போல இருந்தது. இவள் காமிராவை அணைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை, ஆனாலும் அணைக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை எல்லோரையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவை வேண்டாம் சார். இந்தத் தடவையே கொடுத்துடறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து கோப்புகளைக் கேட்கத் தொடங்கினாள். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, அவரு மழை நிக்கவே இல்ல. ஒரு இடத்துலகூட நிக்கல."

அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அவமானத்தில் இல்லை. இவ்வளவு அழகான ஒன்றை இத்தனை நாள் தன்னிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில். அன்றே முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசிக் காட்சியும் கைக்கு வந்தது. சத்தமே இல்லாத ஒரு நிமிடப் படம். ஒரு பெண் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மழை. பக்கத்து அறையில் ஓர் ஆண் போனில் பேசுகிறான், அந்தப் பேச்சை மட்டும் ஆசிரியரே பதிவு செய்து கொடுத்திருந்தார். முடிவில் அந்தப் பெண் சட்டென்று தலையை நிமிர்த்தித் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அவள் எதைக் கேட்டாள்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தார் ஆசிரியர்.

மழைக்காலம் இல்லை. அதனால் மழை என் தலையில் விடிந்தது. பால்கனித் தகரத்தின் மேல் பூவாளியால் நான் தண்ணீர் ஊற்ற, அவள் உள்ளே ஜன்னலோரம் மைக்கோடு உட்கார்ந்தாள். வேகமாக ஊற்றினால் மழை இல்லை குழாய் என்பாள். மெதுவாக ஊற்றினால் சொட்டுகிறது என்பாள். கீழ்வீட்டுக்காரர் ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தார். அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அசையாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவரும் மந்திரித்து விட்டவர் போல உட்கார்ந்திருந்தார். தகரம் முடிந்ததும் பூந்தொட்டி மண்ணில் ஊற்றச் சொன்னாள், பிறகு சாக்கின் மேல். எதற்கு என்று கேட்டேன். தகர மழை பேச்சோடு மோதுமாம், மண் மழை மோதாதாம். ஆள் பேசும்போது தகரத்தைப் பின்னுக்குத் தள்ளி மண்ணை முன்னால் கொண்டுவந்தால், மழையும் நிற்காது, ஒரு சொல்லும் நனையாது. அசல் கோப்புகளைக் கேட்டுக் கேட்டு அவளாகக் கண்டுபிடித்தது அது. அதைச் சொன்னபோது அவளுடையது தலையாட்டுகிற முகம் இல்லை, கணக்கு ஏறிய முகம்.

அந்தப் பெண் எதைக் கேட்டாள் என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. கதவு தட்டும் சத்தம் என்று இவள் முடிவு செய்துவிட்டாள். எங்கள் வாசல் கதவை நான் எத்தனை விதமாகத் தட்டினேன் என்று கணக்கே இல்லை. விரல் முட்டியால், உள்ளங்கையால், வளையலோடு, வளையல் இல்லாமல். ஒன்றும் அவளுக்குத் திருப்தி இல்லை.

"நீங்க தட்டினா திறந்துதான் ஆகணும்கிற மாதிரி இருக்கு அண்ணி."

பின்னே, டீச்சர் வேறு எப்படித் தட்டுவாள்? நான் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டின் வெறும் அமைதியைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் அமைதி உண்டு, படத்தில் மற்ற சத்தங்களுக்கு அடியில் அதை விரித்தால்தான் இடம் நிஜமாக இருக்கும் என்பது அவர்கள் பாடம். காதில் சொருகிக்கொள்கிற இரண்டு சின்ன மைக்குகள் வைத்திருந்தாள். ஆளின் காதில் எது எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, அதை அப்படியே பிடிக்கும். படத்துப் பெண்ணைப் போலவே வாசலுக்கு முதுகைக் காட்டியபடி சமையலறை மேசையில் அசையாமல் உட்கார்ந்தாள். எதிரில் நான், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு. ஊசி விழுந்தால் கேட்கும்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. லேசாக இரண்டு தட்டு. நான் எழப் போனேன். அவள் கையை உயர்த்தி என்னை உட்காரவைத்தாள். வெளியில் நிற்பது என் கணவர் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். உள்ளே பதிவு நடக்குமோ, தட்டலாமா கூடாதா என்று அவர் தவிப்பது தட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. கேட்கவும் வேண்டும், தொந்தரவாகவும் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னும் ஒரே ஒரு தட்டு, முதலில் தட்டியதைவிட மெதுவாக. அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமி, செருப்பைத் தேய்த்து, மறுபடியும் அமைதியாகும்வரை எங்களைத் திறக்கவிடவில்லை. கடைசியில் நான் திறந்தபோது பாவம், சாப்பாடுகூட இல்லாமல் வந்த மனுஷன், "முடிஞ்சுதா?" என்று வாயசைப்பில் கேட்டார். அவரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசி வகுப்பு வந்தது. என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், காமிராவில் படாமல் ஓரமாக உட்கார்ந்தேன். நான் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என்னவோ ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுகிற மாதிரி நிதானமாக இருந்தாள். ஆசிரியர் இந்த முறை செயலியில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, ஒவ்வொருவர் வேலையையும் வகுப்பிலேயே போட்டுக் காட்டினார். தொப்பி பெரிய இடியாக ஒன்றை இறக்கியிருந்தான். துணிக்கொடி குழந்தை அழுகை வைத்திருந்தாள். இன்னொருவர் கண்ணாடியை உடைத்திருந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் முகங்களைப் பார்த்தேன். மரியாதைக்குத் தலையாட்டுகிற முகங்கள்.

இவள் முறை வந்ததும், தன்னுடையதை இங்கே போட வேண்டாம் என்றாள். கோப்பை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன், அவரவர் இறக்கிக்கொண்டு, வகுப்பின் சத்தத்தை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள் என்றாள். ஆசிரியர் லேசாகச் சிரித்தார்.

"இப்ப எல்லாம் சரி பண்ணிட்டேன் மேடம். எதையும் வெட்டாது."

"இருக்கட்டும் சார். ஒரு தடவை நம்பியாச்சு."

அவர் சரி என்று தலையசைத்தார். எல்லோரும் இறக்கினார்கள். ஒவ்வொரு கட்டமாக ஒலி அணைந்தது. அறையில் எனக்கும் அவளுக்கும் எந்தச் சத்தமும் இல்லை, திரையில் முகங்கள் மட்டும். என் வாழ்நாளில் ஒரு வகுப்பை நான் இப்படிப் பார்த்ததில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் மூக்கைச் சொறிந்தார். தொப்பி நாற்காலியில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தான். பிறகு துணிக்கொடியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. இன்னொரு கட்டத்தில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். மழை பெய்கிறது என்று புரிந்துகொண்டேன், அதுவும் நிற்காமல். தொப்பியின் நாற்காலி ஆடுவதை நிறுத்தியது. இவள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. துணிக்கொடி சட்டென்று தோளுக்குப் பின்னால் திரும்பினாள். அவளை அடுத்துப் பெரியவர் கண்ணைத் திறந்து திரும்பினார். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் போட்டிருந்ததால், ஒருவர் மாற்றி ஒருவராகத் திரும்பிக்கொண்டே போனார்கள், எல்லோரும் ஒரே பக்கமாக. ஒருத்தி ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கிவிட்டுத் தன் வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டாள். தொப்பி எழுந்தே நின்றுவிட்டான். அந்த அவசரத்தில் அவன் தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. நான் ஆசிரியரைப் பார்த்தேன். அந்தக் காட்சியை ஆயிரம் முறை பார்த்திருக்கக்கூடிய மனுஷன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். சத்தத்தைத் திறந்தார்.

"வெளியில யாரும் இல்ல," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடியும்போது நான்கு பேரைச் சொன்னார். முதலில் சொன்னது இவளை. மற்ற மூன்று பேரும் யார் என்று எனக்குத் தெரியாது, அப்போது நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். இவள் அழவில்லை. "எப்ப வந்து சேரணும் சார்?" என்று கேட்டாள்.

என் கணவர் அன்று வேலை முடிந்து வந்தபோது நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறை மேசையில், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி உட்காரவைத்து அவர் காதில் ஹெட்போனை மாட்டினேன். என்ன ஏது என்று கேட்டார். அவள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பெரிய தோள்களும் தளர்ந்தன. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை சட்டென்று வாசல் பக்கம் திரும்பியது.

"யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாரு," என்று வீடு அதிரச் சொன்னார்.

நாங்கள் அசையவில்லை. எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நடையில் எதிர்வீட்டுச் செருப்புகளைத் தவிர ஒன்றுமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு தன் கையையே திருப்பிப் பார்த்தார். மெல்லத் திரும்பி வந்து, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொல்லிக் கேட்டார். இந்த முறை அவர் திரும்பவில்லை.

"இது நான்தானே?"

"நீங்கதான் அண்ணா."

"வெளியிலயே நிக்கவச்சுட்டியே," என்றார். அதில் கோபம் இல்லை. தங்கையை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எப்பம்மா கிளம்பணும்?"

அவள் சொன்னாள். அவர் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பரணுக்கு அடியில் போட்டு ஏறினார். பரண் மேலிருந்து பழைய பெட்டி தடாலென்று கீழே விழுந்தது. பழக்கதோஷத்தில் நான் "உஷ்" என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.